நாக்கு மட்டும் தோட்டத்திலேயே தங்கிவிட்டது



1997ஆம் ஆண்டில் ஆசிரியப் பணியில் சேர்ந்த நாள்தொட்டு என் மேசைமேல் ஒரு கண்ணாடிப் புட்டி இருந்தது. அதில் எப்போதும் மிட்டாய் நிறைந்திருக்கும். வாய்பாட்டைத் தடுமாறாமல் ஒப்புவித்தால் ஒரு மிட்டாய். சொல்வதெழுதுதலில் பிழையே இல்லையென்றால் இரண்டு மிட்டாய். அழும் பிள்ளையைத் தேற்றவும் ஒரு மிட்டாய். பிள்ளைகள் என்னை விரும்பியதற்கு என் கற்பித்தல் பாதிக் காரணம் என்றால் அந்தப் புட்டி மீதிக் காரணம். 2016ஆம் ஆண்டில் அதைக் காலி செய்தேன். ஏன் காலி செய்தேன் என்பதையும், அதற்கு எனக்கு ஏன் 19 ஆண்டுகள் பிடித்தன என்பதையும் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அம்மாவின் மைலோ டின்

என் தாயார் கோப்பெங் வட்டாரத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் எழுந்து, பெரட்டுக்குப் போகுமுன் ஒரு பெரிய குவளையில் தேத்தண்ணீர் குடிப்பார். அதில் டின் பால் ஊற்றி, மேலும் இரண்டு கரண்டி சீனி போட்டிருப்பார். பிறகு மரம் மரமாக நடந்து, வெட்டி, மங்குகளில் சேர்ந்த பாலை எடுத்து, காண்டா வாளியைத் தோளில் சுமந்து கொட்டகைக்கு வரும்போது வெயில் ஏறியிருக்கும். மறுபடியும் ஒரு குவளை இனிப்புத் தேத்தண்ணீர். அவருக்கு அதுதான் காலையுணவு. சில நாள்களில் மதிய உணவும் அதுவே.

அவருக்கு இனிப்புநீர் நோய் இருப்பது தெரியவந்தபோது நாங்கள் தோட்டத்தை விட்டு வெளியேறித் தாமான் வீட்டுக்கு வந்துவிட்டிருந்தோம். 2008இல் வலது காலின் பெருவிரலை எடுத்தார்கள். 2011இல் பாதத்தையே எடுக்க நேர்ந்தது. அன்றிலிருந்து நான் என் தாயாருக்கு மகனாக இருந்ததைவிடக் காவல்காரனாக இருந்த நேரமே அதிகம். அவருடைய குவளையை வாங்கி ஒரு வாய் சுவைத்துப் பார்ப்பேன். இனித்தால் கோபித்துக்கொள்வேன்.

ஒருநாள் சமையலறை அலமாரியின் பின்புறம் ஒரு பழைய மைலோ டின்னைக் கண்டேன். திறந்தேன். உள்ளே சீனி இருந்தது. நடக்க முடியாத அவர் எப்படி அதை அங்கே வைத்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் சத்தம் போட்டேன். அவர் நெடுநேரம் பேசாதிருந்துவிட்டுச் சொன்னார்:

"இந்தச் சீனித் தேத்தண்ணியக் குடிச்சுத்தான்டா தம்பி, அத்தன மரத்தையும் வெட்டுனேன். ஒன்னயப் படிக்க வச்சேன்."

எனக்குப் பதில் வரவில்லை. டின்னை எடுத்துக்கொண்டு வெளியேறினேன். மறுநாள் காலை பள்ளிக்குச் சென்று, வாய்பாடு ஒப்புவித்த பிள்ளைகளுக்கு வழக்கம்போல மிட்டாய் கொடுத்தேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு அன்று தோன்றவில்லை. அம்மா 2014இல் காலமானார்.

இரண்டாண்டுகள் கழித்து எனக்கே இரத்தப் பரிசோதனை செய்தார்கள். நீரிழிவுக்கு முந்திய நிலை என்றார்கள். அதன் பிறகுதான் மேசைமேல் இருந்த புட்டி என் கண்ணில் பட்டது.

சீனிக்கும் நமக்கும் உள்ள பழைய உறவு

நம் முன்னோர் இந்நாட்டுக்கு வந்தது ரப்பருக்காக என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். ஆனால் ரப்பருக்கு முன்பே கரும்பு இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் இன்றைய செபராங் பிறையிலும், நம் பேராக்கின் கிரியான் பகுதியிலும் இருந்த கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலில் கொண்டுவரப்பட்டனர். காய்ச்சலாலும் கடும் உழைப்பாலும் மாண்டவர் பலர். கிரியானில் குவாலா குலா என்று ஓர் ஊர் இன்றும் உண்டு. மலாய்மொழியில் 'குலா' என்றால் சீனி என்பது நாம் அறிந்ததே. ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் முடிவுக்கு வந்தது; கரும்பு நின்ற நிலங்களை ரப்பர் பிடித்துக்கொண்டது.

ஆக, உலகத்தின் தேநீர்க் குவளைகளுக்குச் சீனி விளைவித்துக் கொடுத்த கூட்டம் நாம். பின்னாளில் அதே சீனி, மலிவான உணவாக, உடனே தெம்பு தரும் பண்டமாக நம் லயத்து வீடுகளுக்குள் வந்து சேர்ந்தது. நாள் முழுதும் உழைத்த உடல் அதை அன்றன்றே எரித்துவிட்டது. என் தாயார் சொன்னது பொய்யன்று. அந்தக் காலத்தில் அந்தத் தேத்தண்ணீர்தான் அவரை நடக்க வைத்தது.

இன்று கோப்பெங்கைச் சுற்றிப் பாருங்கள். ஈயச் சுரங்கங்கள் ஓய்ந்து நெடுங்காலமாயிற்று. தோட்டங்கள் பல துண்டாடப்பட்டும் செம்பனையாகியும் தாமான்களாகியும் விட்டன. நம்மவர்கள் ஈப்போவிலும் அதற்கு அப்பாலும் தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்கின்றனர். உடல் தோட்டத்தைவிட்டு வெளியே வந்துவிட்டது. நாக்கு மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. மரம் வெட்டியவருக்குத் தேவைப்பட்ட சீனியை, நாற்காலியில் அமர்ந்திருப்பவரும், தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு சோபாவில் படுத்திருக்கும் பிள்ளையும் உட்கொள்கின்றனர்.

இதன் விளைவு கணக்கில் தெரிகிறது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், நாட்டின் 18 வயதுக்கு மேற்பட்டோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ மூவரில் ஒருவர். நீரிழிவு இருந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் தமக்கு நோய் இருப்பதையே அறியாதிருந்தனர். 2023ஆம் ஆண்டின் ஆய்வில் நாட்டு விகிதம் 15.6 விழுக்காடாகக் குறைந்தது. அது ஆறுதலே. ஆயினும் ஆறு பேரில் ஒருவர் என்பது சிறிய கணக்கன்று.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இரண்டாம் வகை நீரிழிவுக்குச் சீனி மட்டுமே காரணமன்று. மரபு, உடலுழைப்பின்மை, உடல் எடை, தட்டு நிறையச் சோறு எனப் பல காரணங்கள் உண்டு. நம் தெற்காசிய மரபினருக்கு அதிகப் பருமன் இல்லாதபோதும், இளவயதிலேயே அது வருகிறது. சிறுவர்களுக்கு வரும் முதல் வகை நீரிழிவு இனிப்புத் தின்றதால் வருவதே அன்று. அப்படிப்பட்ட பிள்ளை உங்கள் வகுப்பில் இருந்தால் அதைச் சொல்லிக் காட்டிக் குத்தாதீர்கள். ஆனால் நம் கையில் இருக்கும் காரணங்களில் மிக எளிதாகக் குறைக்கக்கூடியது சீனி, குறிப்பாகக் குடிக்கும் சீனி.

ஐந்தாம் ஆண்டு மாணவியின் பட்டியல்

புட்டியைக் காலி செய்த ஆண்டில், கணிதப் பாடத்தில் தரவுகளைக் கையாளுதலுக்காக என் மாணவர்களிடம் ஒரு வேலை கொடுத்தேன். ஒருநாள் முழுதும் வாயில் போட்ட இனிப்புகளையும் குடித்த பானங்களையும் எழுதி வரச் சொன்னேன். ஒரு மாணவியின் பட்டியலைத் தேக்கரண்டிக் கணக்கில் மாற்றிக் கரும்பலகையில் எழுதினோம். காலைத் தேநீரில் 2 கரண்டி. சிற்றுண்டிச் சாலையில் பையில் கட்டிய சிராப் தண்ணீரில் 4. வகுப்புத் தோழனின் பிறந்தநாள் பொட்டலத்தில் இருந்த பெட்டிப் பானத்தில் 5. அதே பொட்டலத்து மிட்டாய்களில் 3. இரவு டின் பால் ஊற்றிய மைலோவில் 3. மொத்தம் 17 கரண்டி. ஒரு கரண்டி 4 கிராம் என்று கொண்டால் 68 கிராம்.

உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, நாம் சேர்த்துக்கொள்ளும் சீனி அன்றாட ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்க வேண்டும். பெரியவர் ஒருவருக்கு அது ஏறத்தாழ 50 கிராம். அதிலும் பாதியாக, 25 கிராமாகக் குறைத்தால் இன்னும் நல்லது. தேனும், தென்னஞ்சீனியும், பழச்சாற்றின் இனிப்பும் இந்தக் கணக்கில் அடங்கும். பதினொரு வயதுச் சிறுமி, பெரியவர்களுக்குரிய எல்லையையே தாண்டிவிட்டாள்.

அவள் பேராசைக்காரி அல்லள். அந்த 17 கரண்டியில் ஒன்றைக்கூட அவள் கடையில் காசு கொடுத்து வாங்கவில்லை. சிராப்புக்குக் காசைக் கொடுத்தனுப்பியவர் தாயார். பொட்டலத்தைக் கொடுத்தது இன்னொரு தாயார். தேநீரும் மைலோவும் வீட்டில் கலக்கியவை. எல்லாம் அன்பினால் கொடுக்கப்பட்டவை. என் புட்டி அப்போது காலியாக இருந்ததால் என் பங்கு அந்தப் பட்டியலில் இல்லை. முந்திய ஆண்டாக இருந்திருந்தால் இருந்திருக்கும்.

வரி மட்டும் போதுமா?

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று கூறுவதற்கில்லை. 2013 அக்டோபரில் சீனிக்கான உதவித்தொகை நிறுத்தப்பட்டது. 2019 ஜூலை முதல், 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சீனியுள்ள பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி விதிக்கப்பட்டது. 2024இல் அது 50 சென் ஆனது. அடுத்த ஆண்டில் மேலும் உயர்த்தப்பட்டது. உற்பத்தியாளர்கள் சிலர் பானங்களில் சீனியைக் குறைக்க இது வழிசெய்தது. வரவேற்கத்தக்கதே.

ஆனால் அந்த வரி தொழிற்சாலையிலிருந்து வரும் பானத்தைத்தான் பிடிக்கும். சிற்றுண்டிச் சாலையில் வாளியில் கலக்கும் சிராப்பைப் பிடிக்காது. தைப்பூசத்தன்று தண்ணீர்ப் பந்தலில் வழங்கும் வண்ணப் பானத்தைப் பிடிக்காது. நம் வீட்டுத் தேநீர்க் குவளையைப் பிடிக்கவே பிடிக்காது. அங்கெல்லாம் நாம்தான் போக வேண்டும்.

மனவுறுதி அன்று, பழக்கம்

பரிசோதனை முடிவு வந்தவுடன் நான் இனிப்பை அடியோடு விட்டேன். பதினோரு நாள் தாங்கியது. பன்னிரண்டாம் நாள் தீபாவளி. உறவினர் வீட்டில் ஒரு நெய் உருண்டையில் தொடங்கினேன். எத்தனையில் முடித்தேன் என்று எண்ணவில்லை. அன்றிரவு என் தாயாரை நினைத்துக்கொண்டேன். படித்த, ஊதியம் பெறும், இரு கால்களும் உள்ள எனக்கே முடியவில்லை. அறுபதாண்டுப் பழக்கத்தை அவர் ஒரே நாளில் விட வேண்டும் என்று எந்த முகத்தோடு அதட்டினேன்?

பிறகு வேறு வழியில் முயன்றேன். தேநீரில் இரண்டு கரண்டி போட்டவன் ஒன்றரையாக்கினேன். மூன்று வாரம் கழித்து ஒன்று. பிறகு அரை. ஆறு மாதத்தில் சீனியே இல்லாத தேநீருக்கு வந்தேன். கடையில் முதலில் 'குராங் மானிஸ்' என்றேன். இப்போது 'தே ஓ கோசோங்'. ஒருநாள் கடைக்காரர் மறந்து வழக்கமான தேநீரைக் கொண்டுவந்து வைத்தார். ஒரு வாய்க்குமேல் குடிக்க முடியவில்லை, திகட்டியது. நாக்கு கற்றுக்கொள்ளும். ஆனால் மெதுவாகத்தான் கற்றுக்கொள்ளும். வாய்பாட்டையே ஒரே நாளில் எந்தப் பிள்ளையும் மனப்பாடம் செய்வதில்லையே!

ஆசை முற்றாக ஒழிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். பிற்பகல் நான்கு மணிக்கு இன்றும் அது வரும். பசியோடு இருந்தாலோ முதல்நாள் சரியாக உறங்காவிட்டாலோ மிகுதியாக வரும். அப்போது ஒரு குவளை நீர் குடித்து, அவித்த கொண்டைக்கடலையோ புந்தோங்கிலிருந்து வாங்கிவந்த கச்சாங் பூத்தேயோ ஒரு கைப்பிடி தின்கிறேன். பெரும்பாலும் கால் மணி நேரத்தில் ஆசை அடங்கிவிடுகிறது. வீட்டில் பிஸ்கட் டின் இருந்தால் அடங்குவதில்லை. ஆகவே டின்னை வாங்குவதில்லை. இதில் வீரம் ஒன்றுமில்லை. (நீரிழிவுக்கு மருந்தோ ஊசியோ எடுப்பவர்கள் உணவை மாற்றுமுன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை திடீரெனத் தாழ்ந்துவிட்டால் அவர்களுக்கு இனிப்புதான் முதலுதவி.)

பிள்ளைகளைப் பொறுத்தவரை இன்னும் நல்ல செய்தி ஒன்றுண்டு. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் சீனி பங்கீட்டு முறையில் அளந்து கொடுக்கப்பட்டது. 1953 செப்டம்பரில் கட்டுப்பாடு நீங்கியதும் மக்கள் உண்ட சீனி ஏறத்தாழ இருமடங்கானது. அந்தக் காலத்துக்குச் சற்று முன்னும் பின்னும் பிறந்தவர்களை ஒப்பிட்ட ஆய்வொன்று 2024இல் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்தது. கருவிலும் முதல் இரண்டாண்டுகளிலும் பங்கீட்டுச் சீனியோடு வளர்ந்தவர்களுக்கு, பிற்காலத்தில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு ஏறத்தாழ 35 விழுக்காடு குறைந்திருந்தது. கவனியுங்கள்: அவர்கள் சீனியே உண்ணாதவர்கள் அல்லர். அளவோடு உண்டவர்கள். அளவு போதும்.

நாம் செய்யக்கூடியவை

ஆசிரியர்களே, முதலில் நம் பங்கு.

1. இனிப்பைப் பரிசாகக் கொடுக்காதிருப்போம். நன்றாகப் படித்ததற்கு மிட்டாய் என்றால், மிட்டாய்தான் உயர்ந்தது, படிப்பு அதற்குக் கொடுக்கும் விலை என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது.

2. பிறந்தநாள் பொட்டலத்துக்குப் பதில், பிறந்தநாள் காணும் பிள்ளை வகுப்பு நூலகத்துக்கு ஒரு கதைப்புத்தகம் வழங்கலாம். ஒரு பொட்டலமும் மறுநாள் நினைவில் இராது. புத்தகத்தில் பெயர் இருக்கும்.

3. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் சிற்றுண்டிச் சாலைப் பானத்தைப் பற்றி ஒருமுறையாவது பேசுவோம். நடத்துநரும் பிழைக்க வேண்டும். அவரோடு சண்டை வேண்டா. மாதம் ஒரு பிடியாகச் சீனியைக் குறைக்கச் சொன்னால் பிள்ளைகளுக்குத் தெரியப்போவதில்லை; அவருக்கும் செலவு மிச்சம்.

பெற்றோர்களே, உங்களுக்கும் இரண்டு சொற்கள்.

பிள்ளைக்கு ஒரு சட்டம், அப்பாவுக்கு ஒரு சட்டம் என்றால் நடக்காது. வீட்டில் ஒருவருக்கு இனிப்புநீர் இருந்தால் அவருக்கு மட்டும் தனிக் குவளையில் கசப்புத் தேநீர் கொடுத்து, மற்றவர்கள் எதிரில் அமர்ந்து இனிப்பாகக் குடிப்பது கொடுமை. நாங்கள் அம்மாவுக்கு அதைத்தான் செய்தோம். அதனால்தான் மைலோ டின் அலமாரிக்குப் பின்னால் போனது. வீடு முழுவதும் சேர்ந்து அரைக் கரண்டி குறைத்திருந்தால் அவர் ஒளித்து வைத்திருக்கமாட்டார் என்றே இன்று நினைக்கிறேன்.

'பண்டிகைக்கும் இனிப்பு வேண்டாவா?' என்று கேட்பீர்கள். வேண்டும். தீபாவளிக்கு அதிரசமும் பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கலும் இருக்கட்டும். நம் முன்னோர் பண்டிகைக்கு மட்டும் கண்ட இனிப்பை நாம் நாள்தோறும் பண்டிகையாக்கிக்கொண்டதுதான் சிக்கல். தினமும் இனித்தால் தீபாவளி எப்படி இனிக்கும்?

'பழம் விலை அதிகம், சிராப் மலிவு' என்போரும் உண்டு. அது உண்மை; ஏழைக் குடும்பத்தைக் குறைகூற எனக்கு மனம் வராது. ஆனால் சீனியைக் குறைக்கப் பழம் வாங்கியே ஆக வேண்டும் என்பதில்லை. வெறும் தண்ணீர் சிராப்பைவிட மலிவு.

புட்டி இப்போது

அந்தக் கண்ணாடிப் புட்டி இன்னும் என் மேசைமேல் இருக்கிறது. அதில் இப்போது ரப்பர்க் கொட்டைகள் இருக்கின்றன. ஊருக்கு வெளியே எஞ்சி நிற்கும் பழைய மரங்களின் அடியில் நானே பொறுக்கி வந்தவை. நன்றாகச் செய்த பிள்ளை ஒரு கொட்டையை எடுத்துப் புட்டியில் போடும். புட்டி நிறைந்தால் வகுப்பு முழுமைக்கும் ஒரு பாடவேளை திடலில் விளையாட்டு. முதல் வாரம் 'மிட்டாய் எங்கே ஐயா?' என்றார்கள். இரண்டாம் வாரம் புட்டி எப்போது நிறையும் என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

ஆண்டுதோறும் யாராவது ஒரு பிள்ளை அந்தக் கொட்டையைக் கையில் உருட்டி, 'இது என்ன ஐயா?' என்று கேட்கும். அப்போது பாட்டிமாரின் தோட்டத்தைப் பற்றியும், விடியற்காலைத் தேத்தண்ணீரைப் பற்றியும் சொல்கிறேன். அவர்கள் சுமந்ததை நினைவில் வைத்துக்கொள்வோம். அவர்கள் குடித்த அளவை அவர்களோடு விட்டுவிடுவோம்.

இன்று மாலைத் தேநீரில் அரைக் கரண்டியைக் குறைத்துத் தொடங்குங்கள். வீட்டில் எல்லாரும் சேர்ந்து தொடங்குங்கள்.

அன்புடன்,
கோப்பெங்கிலிருந்து ஓர் ஆசிரியன்